மோரியில் போனது

"மோரி அடைச்சிக்கிச்சும்மா," என்று கொல்லையிலிருந்து மகள் சொன்னாள். பிறகு, "மோரின்னா எந்த பாஷை? எங்க புஸ்தகத்துல சாக்கடைன்னுதான் இருக்குது," என்றாள்.

நான் சிறுமியாக இருந்தபோது ஆம்பூரில் நாங்களும் சாக்கடை என்றுதான் சொல்வோம். மோரி, பக்கத்து வீட்டு பாத்திமாவின் சொல். தோல் கிடங்கிலிருந்து வந்து அப்பா குளிக்கும் தண்ணீர் பதனிடும் ஆவாரம்பட்டை நாற்றத்தோடு சுவருக்கு அடியில் புகுந்து, அவர்கள் முற்றம் வழியாகத் தெருவுக்குப் போகும். நான் காகிதக் கப்பல் விடுவேன். அந்தப் பக்கம் அவள் பிடிப்பாள்.

பிளேக் வந்த வருஷம் எங்கள் அடுப்படியில் ஒரு எலி சுற்றிச் சுற்றி வந்து செத்து விழுந்தது. எலி விழுந்த வீட்டைச் சர்க்கார் ஆட்கள் காலி செய்து, உள்ளே வெயில் படக் கூரை ஓடுகளைப் பிரித்துவிடுவார்கள். அம்மா செத்த எலியை இடுக்கியால் எடுத்துச் சாக்கடையில் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். "எலின்னு வெளிய வாயத் தொறக்காத."

சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து பாத்திமா கூப்பிட்டாள். "மோரில இன்னாமோ வருதே, கப்பலா?"

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மூன்றாம் நாள் பாத்திமாவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வாரமே அவர்கள் வீட்டு ஓடுகளைப் பிரித்தார்கள்.

மகள் இன்னும் பதிலுக்கு நின்றிருந்தாள்.

"பக்கத்து வீட்டுலருந்து வந்த வார்த்தை," என்றேன். எங்கள் வீட்டிலிருந்து போனதைச் சொல்லவில்லை.