மச்சானின் காலுக்கு ஒரு முள்வேலி

பழிவாங்க நான் தேர்ந்தெடுத்த ஆயுதம் முளைப்பதற்கே நாலு மாதம் எடுத்தது. என் கோபத்துக்கு அவ்வளவுதான் வேகம்.

பக்கத்து வளவில் இருப்பவன் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். மன்னார்ப் பேசாலையில் இரண்டு பேருக்கும் படகும் உண்டு, கருவாட்டு வேலையும் உண்டு. வீதியால் சுற்றிப் போனால் கடற்கரைக்குப் பத்து நிமிடம், என் வளவுக்குள்ளால் போனால் இரண்டு. அவன் என் வளவுக்குள்ளால்தான் போவான். பாயில் நான் காயவிட்ட கருவாட்டின் ஓரமாகச் செருப்பால் மணலை வாரி அடித்துக்கொண்டே நடப்பான். அதைக்கூடப் பொறுத்தேன். மாதா கோவில் பெருநாள் சமையலுக்கு யாரிடம் கருவாடு எடுப்பது என்ற கூட்டத்தில் அவன் எழும்பிச் சொன்னதுதான் என்னைச் சுட்டது.

“அத்தான்ரை கருவாடு நல்லம். மண்ணைத்தான் கொஞ்சம் குறைக்கவேணும்.”

அவன் காலால் வந்த மண்! கூட்டம் சிரித்தது. சுவாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த ஒரு மாதம், என்னைக் கண்டவர்களெல்லாம் மண் கடிபட்டதுபோலப் பல்லை நறநறவென்று கடித்துக் காட்டினார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? உள்ளுக்குள்ளே அவனை நாள்தோறும் ஒரு தடவை கடலில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமைகளில்தான் கருவாடு கொடுத்து நெல்லு வாங்கப் பெரியமடுப் பக்கம் போனேன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய கமக்காரர் ஒருவருடைய வேலியோரம் நின்று கதைத்தபோது என் சேட்டுக் கையை ஏதோ பிடித்தது. இழுத்தேன், இன்னும் இறுகியது. மிளகரணை. கொடியெங்கும் பின்னுக்கு வளைந்த சின்னச் சின்ன முள்ளு.

“இது புடிச்சா விடாதுண்ணே. மாடு ஒரு தடவதான் வரும்.”

அந்தக் கணத்தில் மச்சானின் இரண்டு கெண்டைக்காலும் என் கண்முன்னே வந்தன.

அவர் நல்ல மனுசன். ஒரு பச்சைக் காயைப் பிடுங்கிக் கடிக்கச் சொன்னார். மிளகுபோல எரிந்தது, பிறகு நாக்கு மரத்துப்போனது. ரசத்துக்குத் தட்டிப் போடுவார்களாம். வேர்ப்பட்டையை அவித்துக் காய்ச்சலுக்குக் குடிப்பார்களாம், எண்ணெயில் காய்ச்சி முழங்காலுக்குப் பூசுவார்களாம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் விழுந்தது முள்ளு மட்டும்.

செம்மஞ்சளாகப் பழுத்த பழங்கள் ஒரு பை தந்தார். சதையைக் கழுவி எடுத்து, விதையை நிழலில் உலர்த்தி, பழசாகவிடாமல் உடனே போட வேண்டும். மணலும் எருவும் கலந்த பைகளில் விதையைப் போட்டேன். இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் ஒரு விதையைக் கிண்டிப் பார்த்து அதைக் கெடுத்தேன். நாலாம் மாதம் தலைகாட்டியவற்றை மச்சானின் பாதைக்குக் குறுக்கே, வேலிக்கு ஊன்றிய பூவரசங் கதியால்களோடு வரிசையாக நட்டேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். “கழுதைக்கு” என்றேன். ஊரிலே கழுதைகளுக்கா பஞ்சம்! அவள் பாவம், தன் தம்பிக்கு நட்ட செடிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள்.

இரண்டு வருடத்தில் கொடி கதியாலில் ஏறிப் பின்னிக்கொண்டது. மச்சான் ஒரு தரம் வந்து பார்த்தான், முள்ளில் மாட்டிய சாரத்தை விடுவித்துக்கொண்டு திரும்பினான். பிறகு வீதியால் சுற்றித்தான் போனான். அவன் போவதைப் பார்ப்பதற்காகவே நான் கதிரையை வாசலுக்கு இழுத்துப்போட்டேன்.

போன வருடம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தபோது வந்தது வினை. சூடை மீன் வலையில் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த கிழமை. அன்று பின்னேரம் கடலுக்குப் போக இருந்தேன், இருந்தது ஒரே வலை. அதைக் கழுவிக் கம்புகளில் காயவிட்டிருந்தேன். காற்று அதை அள்ளிக்கொண்டு போய் வேலிமேல் விரித்தது. நாற்பது வருடமாக வலை விரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொக்கி முள்ளை வளர்த்த மீனவன் மன்னாரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மச்சானின் காலைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

நான் இழுத்த இடமெல்லாம் கிழிந்தது. சத்தம் கேட்டு மச்சான் வந்தான். நான் கேட்காமலே வேலையைத் தொடங்கினான். செவுளில் மாட்டிய சூடையைக் கழற்றுவதுபோல, வலைக்கண்ணை முதலில் உள்ளே தள்ளி, திருப்பி, பிறகு எடுத்தான். ஒரு நூல் அறவில்லை. பாதி வலை கழன்றபோது அவன் கதைத்தான்.

“நல்ல வேலி, அத்தான். கழுதைக்கு நட்டதெண்டு அக்கா சொன்னவ. ஒண்டும் வாறேல்லை, என்ன? எனக்கும் ரண்டு மிளகரணைக் கண்டு தாங்கோ, நட.”

இரண்டு வருடம்! அவன் சுற்றிப் போனது தோற்றுப்போய் அல்ல, என் வேலியை மெச்சிக்கொண்டு. வாயை மூடியிருந்தால் இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வலை முழுதாகக் கைக்கு வரும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“கழுதைக்கில்லையடா, உனக்குத்தான் நட்டனான்” என்றேன். “கருவாட்டு மண்ணுக்கு.”

அவன் கை நின்றது. வேலியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், பிறகு என்னை. முகம் மெல்லமெல்லச் சிவந்தது. வலையின் ஓரத்தை மிகப் பக்குவமாக ஒரு முள்ளில் திரும்பக் கொளுவினான்.

“அப்ப மிச்சத்தை நீங்களே கழட்டுங்கோ, அத்தான்.”

அன்று நான் கடலுக்குப் போகவில்லை. பொழுதுபடும்வரை வேலியோடு நின்றேன், பத்து விரலிலும் இரத்தம். மற்றப் படகுகள் இறங்குகிற சத்தம் கேட்டது. மச்சான் கூடையைத் தூக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், வீதியால் சுற்றிப் போனான். முதன்முறையாக, ஏன் சுற்றுகிறான் என்று தெரிந்துகொண்டு போனான். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.