பவுனம்மாளின் எடை

மண்டபத்தூர் பவுனம்மாள் முப்பது வருஷமாகத் தலையில் கூடை சுமந்து தருமபுரத்துத் தெருக்களில் மீன் விற்பவள். பருத்த உடம்பு. 2008-இல் முட்டி வலிக்கத் தொடங்கியதும், மகள் ஷர்மிளா பத்திரிகையில் வந்த உயரம், எடை அட்டவணையைச் சுவரில் ஒட்டினாள். அதன்படி அம்மா பதினேழு கிலோ அதிகம். அன்றோடு இரவுச் சோறு நின்று, சப்பாத்தி வந்தது.

"இதுல எறாக் கொழம்பு ஒட்டவே மாட்டேங்குதுடி" என்று முனகிக்கொண்டே தின்றாள். ஒரு மாதத்தில் கூடையைத் தூக்கினால் கண்ணை இருட்டியது. எடையோ அசையவில்லை.

ஒருநாள் ஆக்சிலியா வீட்டு வாசலில் கூடையை இறக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆக்சிலியா தனியார் மருத்துவமனையொன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்ககிட்ட புதுசா ஒரு மிஷின் வந்திருக்குக்கா. எலும்பு, சதை, கொழுப்பு மூணையும் தனித்தனியா காட்டும். டாக்டரம்மாகிட்ட சொல்றேன், வாங்க" என்றாள்.

மறுநாள் மருத்துவமனையில், உலோகம் படத்தை மறைக்கும் என்றதால் பவுனம்மாள் தோடு, மெட்டி எல்லாம் கழற்றினாள். தாலிச் சரட்டில் மட்டும் கை வைக்கவிடவில்லை.

"இருக்கட்டும்க்கா. அந்த எடத்த மட்டும் கணக்குலேர்ந்து விட்டுடறேன். அசையாம படுங்க."

பகலில் படுத்தே பழக்கமில்லாதவள். கருவியின் கை, உடம்பைத் தொடாமல், தலையிலிருந்து கால்வரை மெல்ல நகர்ந்தது. குளிர்சாதனக் காற்றுக்கு அவளுக்குக் கண் சொக்கியது. எழுப்பித்தான் இறக்கினார்கள்.

டாக்டர் மங்கையர்க்கரசி படத்தைக் காட்டினார். "கொழுப்பு உங்க வயசுக்கு அளவாத்தான் இருக்கு. எடை பூரா சதையும் எலும்பும். நாப்பது வயசுக்காரங்களுக்குக்கூட இப்படிக் கெட்டியான எலும்பு இருக்காது."

"அப்ப நான் குண்டு இல்லீங்களா?"

"இல்லம்மா. ஒழைச்ச ஒடம்பு. ராத்திரியும் நல்லா சாப்பிடுங்க. முட்டி தேஞ்சிருக்கு, சுமையக் கொறைங்க."

உடன் வந்த ஷர்மிளா வீட்டுக்குப் போனதும் அட்டவணையைக் கிழித்துப்போட்டு, உலை வைத்தாள்.

அதன் பிறகு பவுனம்மாள் பாதிக் கூடையோடு, தருமபுரம்வரை ஷேர் ஆட்டோவில் போனாள். வலி முழுசாகப் போகவில்லை. நடக்க முடிந்தது, அது போதும். ஊரில் சேதி பரவி, அடுத்த வாரம் ஆக்சிலியாவைத் தேடி மண்டபத்தூர் மீன்காரிகள் ஏழு பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்ற அல்லி கேட்டாள்:

"எங்க எலும்பையும் பாத்துச் சொல்லுங்கம்மா. பவுனக்கா பெருமை பேசுறது தாங்க முடியல."