ரிப்பன் வெட்டாத கைவண்டி

லுசாகா நகரத்துக் கன்யாமாக் குடிசைப் பகுதியில் மழை பிடித்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அப்புறம் நோயாளிக்குக் கதி எனெலெஸ் தெம்போவும் ஒற்றைச் சக்கரக் கைவண்டியும்தான். செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன புருஷன் போனவன் போனவன்தான். காலையில் தக்காளி விற்பாள். மற்ற நேரம் மாதா கோவில் தொண்டுக் குழுவுக்காக, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவாள். பதினெட்டு வருஷமாகச் சம்பளம் கிடையாது. ஆனால் கை கழுவுவது எப்படி என்று வருஷா வருஷம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குறை சொல்லக் கூடாது.

பழைய வண்டி அடி இற்றுப்போனது. புதுசு வந்து மூன்று வாரமாய்க் கோவில் அறையில் கிடந்தது. அதை வாங்கித் தந்த வெளிநாட்டுச் சபையார் நேரில் வந்து, ஜெபம் பண்ணி, ரிப்பன் வெட்டி, படம் பிடிக்க வேண்டாமா? அதுவரை நோயாளிகள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் பொறுக்காமல் போயே போய்விட்டார்.

விருந்தாளிகள் வந்த சனிக்கிழமை பார்த்து, கோவிலுக்குப் பின்வீட்டு டாலிசோவுக்கு வலி கண்டது. இது அவளுக்கு இரண்டாவது. முதல் பிள்ளை குறுக்கே கிடந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் செத்துப் பிறந்தது. எனெலெஸ் கோவிலுக்கு ஓடினாள். குழுத் தலைவர் முசுமாலி கோட்டுப் போட்டு நின்றிருந்தார்.

"தலைவரே, டாலிசோவுக்கு வலி. வண்டியக் குடுங்க."

"ஏம்மா எனெலெஸ், கண்ணு தெரியலையா? ரிப்பன் வெட்டல. இன்னும் மூணு பேர் பேசணும், அப்புறம் நாடகம், அப்புறந்தான் வண்டி."

"புள்ளகிட்ட சொல்லிப் பாக்கறேன், நாடகம் முடிஞ்சு வான்னு."

சொல்லிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது வண்டிக்குள்ளே டாலிசோ அலறிக்கொண்டிருந்தாள். பின்சந்தில் இடுப்பளவு தண்ணீர். கோவில் முற்றத்துக்கு நடுவேதான் வழி.

விருந்தாளி வந்தால் பெண்கள் நாடகம் போடுவது அங்கே வழக்கம். விருந்தாளிகள் இதுதான் நாடகம் என்று எழுந்து நின்று கை தட்டினார்கள். ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடகர் குழுவும் பாடத் தொடங்கிவிட்டது. வயிற்றில் தலையணை கட்டிக் காத்திருந்த நிஜ நடிகைதான் வாடிப்போனாள்.

"அடிப்பாவி, என் வேஷத்த இவ ஆடிட்டாளே!"

"எதுக்குக்கா கை தட்றாங்க?" என்று முனகினாள் டாலிசோ.

"நீ நல்லாக் கத்துறியாம். கத்து."

முசுமாலி குறுக்கே பாய்ந்தார். "நில்லு! படம் சரியா விழலையாம். இன்னொரு தடவ மெதுவா வரச் சொல்றாங்க!"

சக்கரம் அவருடைய பளபளப்பான ஷூவின் மேல் ஏறி இறங்கிப் போனது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். பெண் பிள்ளை. உயிரோடு பிறந்தது, ஊரைக் கூட்டி அழுதது.

சாயங்காலம் எனெலெஸ் வந்தபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். முசுமாலி நொண்டிக்கொண்டே வந்தார்.

"ரிப்பன் வெட்டல, அதனால வண்டி இன்னும் ஒப்படைச்சதாகாது. கழுவி உள்ள வை. அடுத்த வருஷம் வருவாங்க."

"நாளைக்குத் தாயும் புள்ளையும் வீட்டுக்கு வரணுமே. முதுகுல தூக்கிட்டு வர்றீங்களா, தலைவரே?"

முசுமாலி தன் காலைப் பார்த்துக்கொண்டார். எனெலெஸ் வண்டியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.