காஜா மட்டும்தான் பாக்கி

தெருமுனைத் தையல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'காஜாபாக்கி'. யார் துணி கேட்டுப் போனாலும், "முடிஞ்சிடுச்சு, காஜா மட்டும்தான் பாக்கி, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பார். காஜா என்னும் பொத்தான் துளைதான் கடைசி வேலை; அந்தத் துணியில் இன்னும் கத்திரியே பட்டிருக்காது என்பது வேறு கதை. பாவம், பொய் சொல்ல வேண்டுமென்று அவர் சொல்வதில்லை. சொல்லும் நேரத்தில் அவரே அதை நம்பிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் இஞ்ச் டேப் கழுத்தில் தொங்கத் தங்கை வீட்டுக்கு ஓடினார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை. குறைமாதம் என்பதால் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தது. தாய்மாமன் இதுவரை கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"அண்ணா, அங்கேயே நில்லு! ஃப்ளூ ஊசி போட்டியா?"

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

"நீ இருப்பே. இவளுக்கு ஆறு மாசம் ஆகுறவரைக்கும் அந்த ஊசி போட முடியாது. அதனால தூக்கறவங்க போட்டுக்கணும். போட்டு ரெண்டு வாரமும் ஆகியிருக்கணும்."

அன்றிலிருந்து சரியாகப் பதினாலாம் நாள் தங்கை குடும்பம் ஊரைவிட்டுக் காரேறுகிறது. மாப்பிள்ளைக்கு வெளியூருக்கு மாற்றல். இன்றே போட்டால் கிளம்புகிற அன்று தூக்கலாம். நாளைக்கு என்றால் அடுத்து எப்போதோ. வாழ்நாளில் முதல்முறையாகக் காஜாபாக்கிக்குத் தவணை சொல்ல வழியில்லை.

கிளினிக்கில் ஊசி போடும் நர்சம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அந்த அம்மாவின் வெள்ளைக் கோட்டு ஆறு வாரமாக அவர் கடையில் தூங்குகிறது. முப்பது வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர், அதன் கூர்முனை தன் பக்கம் திரும்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தங்கச்சி மகளை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கை வலித்தது, உடம்பும் லேசாகச் சுட்டது. மனுஷனுக்கு ஒரே கொண்டாட்டம். "பாருங்க, உள்ளே வேலை நடக்குது!" என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் கையைக் காட்டினார். மூன்றாம் நாள் வலி போய்விட்டது. அவருக்குப் பக்கென்றது. மெஷின் சத்தம் நின்றால் வேலையை ஓரங்கட்டியாயிற்று என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? உடம்பும் தன்னைப் போலவே ஏமாற்றுகிறது என்று கிளினிக்குக்கு ஓடினார்.

நர்சம்மா சிரித்தார். "வலி போனா வேலை நின்னுபோச்சுன்னு அர்த்தமா? அந்த வலி, துணி வந்து இறங்கின சத்தம். தையல் இப்பத்தான் நடக்குது. அக்குள்ல சின்னச் சின்ன நிணநீர்க் கணுக்கள் இருக்கு. அதுதான் உங்க உடம்போட தையல் கடை. ஊசியில உயிருள்ள கிருமி கிடையாது, அதோட மேல்சட்டைத் துண்டு ஒண்ணு, மாதிரிக்கு. அதுல ஒட்டிக்கிற எதிர்ப்பொருளை அங்கே இருக்கிற வெள்ளை அணுக்கள் தைக்கும். முதல்ல தைக்கிறது தொளதொளன்னு இருக்கும். மாத்தி மாத்தித் தைச்சு, கச்சிதமா வந்ததை மட்டும் வெச்சுக்கும். சில அணுக்கள் அளவு நோட்டையும் பத்திரமா வெச்சிருக்கும். நிஜக் கிருமி வந்தா சட்டுனு வேலை ஆரம்பிச்சிடலாம்."

"அப்போ வருஷா வருஷம் எதுக்கு?"

"கிருமி சட்டையை மாத்திக்கிட்டே இருக்கே! நோட்டும் மங்கிப்போகும்."

"அப்ப இனிமே எனக்கு ஃப்ளூவே வராதா?"

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஆபத்து நல்லாக் குறையும்."

காஜாபாக்கி தொடையில் தட்டிக்கொண்டார். தன் உடம்புக்குள் இப்படி ஒரு கடையா! "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுத் தரச் சொல்ல முடியாதா, நர்சம்மா?"

ஆறு வாரம் காத்திருந்த வாய்ப்பு. "எல்லாம் முடிஞ்சிடுச்சு டெய்லரே. காஜா மட்டும்தான் பாக்கி. ரெண்டு வாரம் ஆகட்டும்."

வரிசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான். அன்று மாலையே வெள்ளைக் கோட்டில் கத்திரி பட்டது. அடுத்த பத்து நாளில் அலமாரி காலியானது. சொன்ன நாளில் துணி கிடைத்தவர்கள் அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியாக ஒரு குட்டிச் சட்டை தைத்தார். அதில் நான்கு காஜா, நான்கும் கையால்.

பதினாலாம் நாள். பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. அவர் முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். தங்கை குழந்தையைக் கையில் வைத்தாள். அது அவர் இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு சந்தோஷத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது.

"குடுண்ணா, நேரமாச்சு. சட்டைகூட முடிச்சிட்டே, இன்னும் என்ன?"

அவர் நிமிரவேயில்லை. "இரும்மா... காஜா மட்டும்தான் பாக்கி."

அண்ணனின் காஜாவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தங்கைக்குத் தெரியும். வாசலுக்குப் போய் டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னாள்.