வாளி கட்டிப் பார்க்காத தடி

இந்த நினைவுப் புத்தகத்துக்கு மலர் என்று பெயர் வைத்திருக்கிறோம். மன்னியுங்கள், இந்தக் கட்டுரை கொஞ்சம் நாறும். அண்ணனைப் பற்றி எழுதினால் மீன் நாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை. அண்ணனின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் புத்தகத்தில் "அன்பின் திருவுருவம், பண்பின் சிகரம்" என்று நாலு வரி எழுதி, கீழே பெயரைப் போட்டு முடித்துவிடலாம்தான். அப்படிப்பட்ட மலர்கள் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கட்டு கிடக்கின்றன. உயிரோடு இருந்தபோது முகம் பார்த்துச் சிரிக்காதவர்கள்கூட அவற்றில் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். வாசித்தால் எனக்குக் குமட்டும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் உடப்பில், கடற்கரை மீன்வாடிக் குடிசைகளுக்குப் பின்னால் இருந்த ஓலை வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் இரண்டாவது, கடைசியும் நானே. அப்பா கரைவலை இழுத்தவர்; கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வேலை. அவர் நெஞ்சு வருத்தத்தில் படுத்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு வலைக் கயிற்றைப் பிடித்தார். "நீ படி பிள்ள. இந்த நாத்தம் புடிச்ச வேலைக்கு வீட்டுல ஒராள் போதும்" என்றார். நான் படித்து டீச்சரானேன். படித்ததும் முதலில் பழகிக்கொண்டது மூக்கைப் பொத்துவதுதான். அண்ணன் கடற்கரையால் வந்தால், குளித்து உடுப்பு மாற்றிய பிறகே என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவார். நான் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

வலை இழுக்காத நாட்களில் அண்ணன் கரையில் நின்று மூங்கில் கம்பால் தூண்டில் எறிவார். பாரை, சீலா எல்லாம் எடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் அதை ஒரு தொழிலாக யாரும் மதித்ததில்லை. பத்துப் பதினைந்து பேர் கயிறு பிடிக்கும் ஊரில் தனியாகக் கம்பு பிடித்து நிற்கிறவன் வேலைவெட்டி இல்லாதவன். யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கம்புக்கு ஒரு மரியாதை வந்தது. அங்கே ஒரு ஹோட்டல் முதலாளி, விருந்தாளிகளைக் கரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய மீன் பிடித்துக் காட்ட ஆள் தேடினார். "நல்ல தூண்டில் தடியோட வா. ஒரு பெரிய மீன் எடுத்துக் காட்டு. வேலை உனக்கு" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

அப்போது அண்ணனுக்கு நாற்பது கடந்துவிட்டது. கயிறு இழுத்து இழுத்து வலது தோள் இரண்டு தரம் கழன்றிருந்தது. இன்னும் சில வருடம் இழுத்தால் கை தூக்க முடியாமல் போகும் என்று புத்தளத்தில் டொக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் கயிற்றை விடலாம். எனக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் ஒரு பயிற்சிக்காக நீர்கொழும்புக்குப் போகவிருந்தேன். தடி வாங்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம் தந்தார்.

"மொத்தமான தடியப் பாத்து ஏமாந்துராத பிள்ள. கனம் வேற, பெலம் வேற. நுனி வளையத்துல வாளியக் கயித்தால கட்டு. பாதி வாளி தண்ணி ஊத்து. அடியப் புடிச்சு மெல்லத் தூக்கு. வளைவு நுனியில இருந்து நடுவுக்கு இறங்கி வரணும், அடி அசையக் கூடாது. ரெண்டு துண்டும் சேர்ற பொருத்துல சத்தம் கேட்டா சும்மா தந்தாலும் வேணாம்."

"கடையில விடுவாங்களா அண்ணே?"

"நல்ல தடியெண்டா விடுவான். விடாட்டி அவனுக்கே தெரியும் அது முறியுமெண்டு."

கடையிலேயே பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் புதுத் தொழில் சாமானை அம்மனுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். அதற்குப் பிறகு அதில் ஏறும் முதல் பாரம் மீனாகத்தான் இருக்க வேண்டும். வாளியும் கட்டக் கூடாது, மண் மூட்டையும் கட்டக் கூடாது.

நீர்கொழும்பில் அந்தக் கடைக்கு என்னோடு பயிற்சிக்கு வந்த இரண்டு டீச்சர்மாரும் வந்தார்கள். அவர்களிடம் நான், அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர் என்று சொல்லிவைத்திருந்தேன். கடை முழுக்கக் கண்ணாடி, குளிரூட்டி, பளிங்குத் தரை. அங்கே நின்று "ஒரு வாளி தண்ணி தாங்க" என்று கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்டால் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். கடைக்காரர் கைமொத்தத்தில் ஒரு சிவப்புத் தடியை நீட்டினார். அதில் தங்க எழுத்து மின்னியது.

"மிஸ், இதுதான் நல்ல ஸ்ட்ரோங். சுறா வந்தாலும் தாங்கும்."

சீலை எடுப்பதுபோல நிறம் பார்த்து எடுத்தேன். "ஆருக்கு இது?" என்று ஒரு டீச்சர் கேட்டார். "பக்கத்து வீட்டு ஆளுக்கு" என்றேன். என்னைப் படிக்கவைத்த மனிதரை ஒரு மூச்சில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இதை எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது பயம் பிடித்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அண்ணன் வாளியை எடுப்பார். அதனால் பஸ்ஸால் இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போனேன். ஐயர் கற்பூரம் காட்டிக் குங்குமம் வைத்துத் தந்தார். பக்தியால் போனேன் என்று ஊர் நினைத்தது. அண்ணன் தடியில் வாளி கட்டாமல் இருப்பதற்காக அம்மனை என் பொய்க்குத் துணைக்கு இழுத்தேன் என்பதுதான் உண்மை.

"வாளி கட்டிப் பாத்தியா பிள்ள?"

"ஓம் அண்ணே. ரெண்டு தரம் பாத்தேன்."

அண்ணன் தடியின் நுனியைப் பெருவிரலால் தடவினார். பிறகு "நல்லது" என்று சொல்லிச் சுவரோடு சாய்த்து வைத்தார்.

கற்பிட்டிக் கரைக்கு விடியக் காலை போனோம். லீவு நாள் என்பதால் நானும் போனேன். ஊரிலிருந்து எங்களை வாகனத்தில் ஏற்றி வந்தவர் சம்மாட்டி, அண்ணன் இழுத்த கரைவலையின் சொந்தக்காரர். ஹோட்டல் முதலாளியும் இரண்டு விருந்தாளிகளும் நின்றார்கள். மூன்றாவது எறிதலில் பாரை கவ்வியது. ரீல் கத்திக்கொண்டு ஓடியது. அண்ணன் தடியைத் தாழ்த்திப் பிடித்து, தூண்டில் நரம்பான தங்கூசியை விட்டு விட்டு இழுத்தார். அந்தத் தடி வளையவே இல்லை. உலக்கை மாதிரி விறைத்து நின்றது. பாரம் முழுதும் நடுப் பொருத்தில் வந்து விழுந்தது. பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். மேல் பாதி அறுந்த தங்கூசியோடு கடலுக்குள் ஓடிவிட்டது. அண்ணனின் கையில் அடிக்கட்டையும் தங்க எழுத்தும் மிஞ்சின.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "தடி பாத்து எடுக்கத் தெரியாதவன நம்பி விருந்தாளிகள விடேலாது" என்றார். சம்மாட்டியும் கூடச் சிரித்தார்.

அண்ணன் தலையைக் குனிந்து சொன்னார்: "என்ட பிழைதான் முதலாளி. நான் சரியாப் பாத்து எடுக்கல."

நான் மூன்று எட்டுத் தள்ளி நின்றேன். எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

அண்ணன் மறுபடி கயிற்றுக்குப் போனார். ஊர் அவருக்கு "முறிதடி" என்று பெயர் வைத்தது. கடையில், கோயில் வீதியில், கல்யாண வீட்டுப் பந்தியில், அவருடைய சொந்தப் பெயரை மறந்துபோனார்கள். இரண்டு வருடம் கழித்து அவரே புத்தளத்தில் ஒரு தடி எடுத்தார். கறுப்பு, மினுக்கம் எதுவும் இல்லாத அசிங்கமான தடி. கடை வாசலில் வாளி கட்டி, அதை அரைவட்டமாக வளைத்துப் பார்த்து, நாலு தடியைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தாவதை எடுத்தார். அந்தத் தடியால் எத்தனையோ பெரிய பாரைகளை இழுத்துப் போட்டார். வெட்டி அயலுக்குப் பங்கு கொடுத்தார். தோள் மாத்திரம் சரிவரவில்லை. கடைசி வருடங்களில் சோற்றை இடது கையால்தான் வாய்க்குக் கொண்டுபோனார். அவர் கொடுத்த மீனைத் தின்று விரலைச் சூப்பிக்கொண்டே "முறிதடிக்கு இண்டைக்கு அதிஷ்டம்" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எச்சில் விரல்கள் இந்தப் பக்கத்தையும் இப்போது புரட்டிக்கொண்டிருக்கலாம்.

அண்ணன் நோய் முற்றிப் படுத்திருந்த நாட்களில், ஒரு முற்பகல், அண்ணி தேத்தண்ணி போடப் போன நேரத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கடையையும் பக்கத்து வீட்டு ஆளையும்கூட விடவில்லை.

"தெரியும் பிள்ள" என்றார். "வாளி கட்டினா நுனியில கயிறு உரசின தடம் இருக்கும். அது பளபளவெண்டு இருந்திச்சு."

"தெரிஞ்சுமா எறிஞ்சீங்க?"

"நீ அம்மனுக்கு முன்னால வச்சிட்டு வந்திட்ட. நான் திருப்பி வாளி கட்டினா டீச்சர் பொய் சொல்லிட்டா எண்டு ஊர் கதைக்கும். முதலாளிக்குக் காட்டப் போதுமான அளவு மீன் கவ்வினாத் தாங்குமெண்டு நெனச்சேன். வந்தது அத விடப் பெருசு."

சிரித்தார், இருமினார், தண்ணி கேட்டார். குடித்துவிட்டு, "இத ஆருட்டயும் கதைக்காத" என்றார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய மனது யாருக்கு வேண்டும்? ஒரு தரம் என்னைத் திட்டியிருந்தால் நானும் வாயைத் திறந்திருப்பேன், அவருடைய தோளும் மிஞ்சியிருக்கும். அப்படி நினைத்துப் பழியை அவர் தலையிலேயே போடப் பார்க்கிறேனே என்று என்மேல் இன்னும் வெறுப்பு வருகிறது. கதைக்காதே என்றார். கதைக்கவில்லை அண்ணே, அச்சடித்திருக்கிறேன்.

அண்ணனைக் குளிப்பாட்டித் தூக்கிச் சென்றவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எட்டு நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. கற்பிட்டியிலிருந்து பெட்டியில் ஐஸ் கொண்டுவந்து மீன் வாங்கிப் போகிறவரும், கடைசிவரை அண்ணனை அவருடைய சொந்தப் பெயராலேயே அழைத்தவருமான முஸ்லிம் வியாபாரி நானாவுக்குத் தனியாக நன்றி. கறுப்புத் தடியை அவரிடம் கொடுத்துவிட அண்ணி சம்மதித்திருக்கிறார்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். முப்பத்தோராம் நாள் பந்தியில் பரிமாற நான்தான் வருவேன். உங்களுக்கு அந்தப் பட்டப்பெயர் வாயில் வந்தால் விழுங்க வேண்டாம், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். "முறிதடி, இங்க கொஞ்சம் சோறு" என்று கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கை