கூடைக்குள் சிவந்த கொழுந்து

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் இருக்கும். டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மூத்த மகளுக்கு ஐந்து மாதம். பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். காலை நிறுவை முடிந்தால்தான் ஓடிப்போய்ப் பால் கொடுக்கலாம்.

அன்று கூடை சீக்கிரமே நிறைந்துவிட்டது. மேட்டுக்குப் போய்ச் சாக்கில் கொட்டிவிட்டு வந்தால் நேரமாகிவிடும். பால் கட்டி எனக்கு உயிர் போகிற வலி. இரண்டு கையாலும் கொழுந்தை அமுக்கினேன், முழங்காலையும் வைத்து அழுத்தினேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

நிறுவையில் கணக்கப்பிள்ளை கூடைக்குள் கைவிட்டார். அடிக்கொழுந்து சூடேறிச் சிவந்து கிடந்தது.

"நேத்து ஒளிச்சு வச்ச கொழுந்தா? இன்னைக்குப் பேரு கெடையாது, போ!"

வருகைக் கணக்கில் பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. அது போனால் போகட்டும், என்னைத் திருடி என்றல்லவா சொல்லிவிட்டார்!

பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவள் முன்னால் வந்தாள். லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் ஒரு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"காலையிலருந்து இவ பக்கத்துலதாங்க நின்னேன். எல்லாம் இன்னைக்குப் பறிச்சது."

தன் கூடையிலிருந்து ஒரு பிடி பச்சைக் கொழுந்தை எடுத்துக் கசக்கிப் பலகையில் வைத்தாள். வரிசை முடிவதற்குள் அதுவும் சிவந்துவிட்டது. கணக்கப்பிள்ளை அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கெட்ட கொழுந்தைக் கொட்டச் சொல்லிவிட்டுப் பேரைப் போட்டார்.

"நிக்காத, புள்ள அழுவும், ஓடு" என்றாள் அவள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஹட்டனில் படிக்கும்போது ஒருநாள் விஞ்ஞானப் பாடம் சொன்னாள். இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கலங்களாம். பறித்த பிறகும் அவை மூச்சு விடுமாம், நெருக்கி அடைத்தால் சூடேறுமாம். ஒவ்வொரு கலமும் சாற்றை ஓர் அறையிலும், அதைச் சிவக்க வைப்பதை வேறோர் அறையிலும் பிரித்து வைத்திருக்குமாம். நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலந்துவிடுமாம்.

"நம்ம லயத்துல வரிசையா இருக்கிற காம்பரா மாதிரியா?"

"ஆமாம்மா. ஆனா அங்க சண்டை இல்ல."

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. என் பிள்ளையின் பசியை நினைத்த நான், கையிலிருந்த கொழுந்துக்கும் உயிர் உண்டு என்று நினைக்கவில்லையே! இன்றைக்கும் பீலியில் அந்தப் பக்கத்து நிரைக்காரியின் குடம் நிறைந்த பிறகுதான் என் குடத்தை வைக்கிறேன். யாரையாவது திருடி என்று சொல்ல நாக்கு எழுந்தால், பலகையில் சிவந்த அந்த ஒரு பிடிக் கொழுந்து கண்முன்னே வந்து நிற்கிறது.