எட்டு ரோல்ஸும் ஒரு கல்லும்

மனைவிக்குப் பித்தப்பையை அகற்றிய பதினெட்டாம் நாள், ஒரு புதன்கிழமை, வலது விலாவுக்குக் கீழே மறுபடி நோ வந்தது. பை நிறையக் கல் என்றுதான் அதை எடுத்தார்கள். பையே இல்லாதவளுக்குக் கல் எப்படி இருக்கும்? கொஞ்ச நாளைக்கு எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே என் சந்தேகம் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது.

நாங்கள் குடியேறிய மோர்னிங்சைட்டில் எங்கள் சனம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வராது. பித்தப்பை எடுத்தவளைப் பார்க்கவும் எண்ணெயில் பொரித்த மட்டன் ரோல்ஸோடுதான் வரும். யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவந்தார்கள் என்று கொப்பியில் எழுதி வைத்தேன். திங்கள் மாலை பன்னிரண்டு ரோல்ஸ் வந்தது. புதன் காலை நாலுதான் இருந்தது.

"நான் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை" என்றாள். நான் நம்பவில்லை. "எட்டு எங்கே?" என்று எழுதி அடிக்கோடிட்டேன். அன்று முதல் அவள் குசினிக்குள் போனால் நானும் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பின்னால் போனேன்.

வெள்ளி பிற்பகல், சலம் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போகிறது என்றாள். தண்ணீர் குடிப்பதில்லை போலும் என்று எழுதினேன். சனி அவளுக்கு நடுங்கியது. ஹீற்றரைக் கூட்டிவிட்டேன். எங்கள் வீட்டு வெளிச்சம் மஞ்சள். அதன் கீழே எல்லோரும் மஞ்சள்தான்.

ஞாயிறு பிக்கரிங்கிலிருந்து மகள் வந்தாள். ஜன்னல் திரையை விலக்கிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அம்மான்ரை கண்ணைப் பாத்தனீங்களா?"

பித்தப்பையை எடுக்கமுன்னரே ஒரு கல் நழுவிப் பித்தக்குழாய்க்குள் போய்விட்டிருந்ததாம். அது குழாயை அடைத்ததால் பித்தம் இரத்தத்தில் கலந்து, கிருமியும் பிடித்துவிட்டது. அவசரப் பிரிவு டொக்டர் படம் கீறி விளக்கினார். முதலே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று மகளைக் கொண்டு இரண்டு தரம் கேட்பித்தேன். சின்னக் கல் சிலவேளை ஸ்கானில் தப்பிவிடும் என்றார். இந்த முறை வயிற்றில் வெட்டில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலுக்குள் பித்தக்குழாய் திறக்கும் இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக் கல்லை இழுத்தெடுப்பார்களாம். பிறகு, சலத்தின் நிறம் எப்போது மாறியது, நடுக்கம் எப்போது வந்தது என்று கேட்டார்.

கொப்பியை நீட்டினேன். மகள் நாளும் மணியும் வாசித்துச் சொல்ல, டொக்டர் குறித்துக்கொண்டு போனார். அவள் மேலும் வாசித்தாள்.

"எட்டு எங்கே எண்டு கிடக்குது. என்னப்பா எட்டு?"

மனைவி கண்ணை மூடியபடியே சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை வெக்ஸ்போர்ட் பக்கமிருந்து என்னைப் பாக்க நாலு பேர் வந்தவை. தேத்தண்ணியோடை ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ் தட்டிலை வைச்சுக் குடுத்தது ஆர்? நீங்கள்தானே."

ஓம், நான்தான். வந்ததை மட்டுமே எழுதியிருந்தேன்.

அடுத்த நாள் கல்லை எடுத்தார்கள். வியாழன் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தேத்தண்ணி கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது கையில் ஒரு மாரி பிஸ்கட் வைத்திருந்தாள்.

"ஒண்டு" என்று அதைத் தூக்கிக் காட்டினாள். "எழுதிப்போட்டு வாங்கோ. பிறகு தின்னுறன்."